மாதத்தில் நாலு நாள்

லொறிக்காரர்கள் இரண்டு பேர் தேத்தண்ணிக் கடையில் சந்தித்தால், சுகம் விசாரிக்கும் முன்னரே மூன்று விஷயங்களை விசாரித்துவிடுவார்கள். சம்பளம் எவ்வளவு, மாதத்துக்கு எத்தனை கிலோமீற்றர் ஓட்டம் கிடைக்கிறது, வீட்டுக்கு எத்தனை நாள் விடுகிறார்கள். மூன்றையும் மனமாரத் தருகிற முதலாளி இந்தத் தீவில் இன்னும் பிறக்கவில்லை. ஒன்றைத் தாராளமாகத் தருகிறவன் மற்றதில் கை வைத்துவிடுவான். நான் பதினாறு வருடமாக ஓட்டுகிறேன். ஒவ்வொரு தடவை இடம் மாறும்போதும் நன்றாக யோசித்துத்தான் மாறினேன். யோசித்தது ஒன்று, நடந்தது வேறொன்று.

எனக்கு வீடு என்பது மனைவியின் வீடு. குறிஞ்சிப்பிட்டிப் பக்கம், பெருந்தெருவிலிருந்து கொஞ்சம் உள்ளே. எங்கள் முஸ்லிம் ஆட்களில் கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பதுதான் வழக்கம். மாமா கட்டிய வீடு. முன் அறையில் அவர், பின் அறையில் நாங்கள். மாமி எங்கள் கலியாணத்துக்கு முன்னரே மௌத்தாகிவிட்டார். பின்பக்க மணல் காணியில் மாமா வெங்காயம் போட்டிருந்தார். காலையும் மாலையும் அதற்குத் தண்ணீர் அடிப்பார், மீதி நேரம் யாரையாவது திட்டுவார். என்னைத் திட்டியது குறைவு. திட்டுவதற்கு நான் வீட்டில் இருந்தால்தானே.

கலியாணமான புதிதில் மரக்கறி லொறி ஓட்டினேன். கற்பிட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் பின்னேரம் ஏற்றி, இருட்டோடு இருட்டாகத் தம்புள்ளைக்குப் போய், விடிந்து திரும்புவேன். கேட்கிறவர்களுக்கு அது நல்ல வேலை. தினமும் வீட்டில் இருக்கிறான் என்பார்கள். இருந்தேன், குறட்டை விட்டுக்கொண்டு. மனைவி சமைத்து மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பாள். நான் எழும்பும்போது லொறிக்கு நேரமாகியிருக்கும். சம்பளமும் சந்தை விலையோடு ஏறி இறங்கும். பூசணி விலை விழுந்தால் முதலாளியின் முகமும் விழும்.

அப்போதுதான் கொழும்புக் கம்பனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். துறைமுகத்திலிருந்து கொள்கலன் இழுக்கிற நீள லொறிகள். அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் கிலோமீற்றருக்கு இவ்வளவு, சாப்பாட்டுக் காசு தனி. மரக்கறி லொறியில் மூன்று மாதம் பார்ப்பதை அங்கே ஒரு மாதத்தில் பார்க்கலாம். வீட்டுக்கு மாதத்தில் நாலு நாள், ஆனால் சேர்த்து நாலு நாள். குறட்டை விட்டுத் தீர்ந்த பிறகும் மூன்று நாள் மிஞ்சும் என்று கணக்குப் போட்டேன். மனைவியிடம் சொன்னேன். நல்லதாகத்தான் இருக்கிறது என்றாள். போய்ச் சேர்ந்தேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த நேரம் கலியாணமாகி ஐந்து வருடம். ஊரில் எந்தப் பெண் மனைவியைக் கண்டாலும் முதலில் அவள் வயிற்றைப் பார்ப்பாள், பிறகுதான் முகத்தைப் பார்ப்பாள். என்னை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. பார்க்க நான் அங்கே இல்லை என்பதும் ஒரு காரணம். கம்பனியில் சேர்ந்த இரண்டாவது வருடம் புத்தளத்தில் ஒரு பெண் டொக்டரிடம் போனோம். இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள், என்னையும் விடவில்லை. கடைசியில் டொக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்ல. நாள்தான் தவறுது. நீங்க வீட்டுக்கு வாற நாளும் இவங்கட நாளும் பொருந்துறல்ல."

ஒரு தாளில் கட்டம் போட்டு, ஐந்து கட்டங்களைப் பேனையால் வட்டமிட்டுக் காட்டினார். ஒவ்வொரு மாதமும் அந்த ஐந்து நாட்களில் நான் வீட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம், மருந்துகூட இல்லை. வரும் வழியில் த்ரீவீலில் மனைவி அந்தத் தாளை நாலாக மடித்துக் கையிலேயே வைத்திருந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு தெளிவை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. லீவு எடுப்பது பெரிய விஷயமா என்று நினைத்தேன்.

பெரிய விஷயம்தான். கம்பனியில் லீவு என்பது முறைக்கு வருவது. லொறியைக் கொண்டுவந்து, லொறிகள் தரிக்கிற கம்பனி யாட்டில் நிறுத்தினால்தான் என் நாலு நாள் தொடங்கும். எப்போது யாட்டுக்குத் திரும்புவேன் என்பது கப்பலைப் பொறுத்தது, சுங்கத்தைப் பொறுத்தது, அம்பாந்தோட்டையில் சாமான் இறக்குகிறவனின் மனநிலையைப் பொறுத்தது. மனைவி போனில் கோல் எடுத்து, "நாளைக்குத் தொடங்குது" என்பாள். நான் திருகோணமலையில் இருப்பேன். "சரி" என்பேன். வேறு என்ன சொல்ல? அடுத்த மாதம் பார்ப்போம் என்று இருவரும் சொல்லிக்கொள்வோம். அப்படிச் சொல்லிச் சொல்லியே எட்டு மாதம் போனது.

ஒரு தடவை அனுராதபுரத்து வயல்களுக்குப் பசளை ஏற்றிக்கொண்டு போனேன். புத்தளம் வீதி. வட்டமிட்ட நாள். பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் வீடு முப்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. நாற்பது அடி லொறியைத் திருப்பிவிட்டேன். அது வரைக்கும் என் வாழ்க்கையில் பாதை மாறியவன் இல்லை. ஊரில் பெருந்தெருவோரமாக நிறுத்திவிட்டு நடந்து போனேன்.

ஒரு மணித்தியாலம்தான் நேரம் என்று வைத்திருந்தேன். ஆனால் அவ்வளவு பெரிய லொறி எங்கள் ஊரில் சும்மா நிற்கலாமா? நான் வாசலில் கால் வைத்துப் பத்து நிமிடத்தில் பக்கத்து வீட்டார் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய பக்கத்து வீட்டார். லொறி யாருடையது, உள்ளே என்ன, பசளையில் ஒரு மூடை கிடைக்குமா, எப்போது வந்தாய், எப்போது போவாய். வந்தவர்களை நிற்க வைத்துப் பேசுவது மரியாதையில்லை என்று மாமா கதிரைகளை எடுத்துப் போட்டார். மனைவி தேத்தண்ணி ஊற்றினாள். ஊற்றி முடித்து அவள் குசினி வாசலில் வந்து நின்றபோது நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பதினொரு பேர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் யாட் மனேஜரின் கோல் வந்துவிட்டது. லொறியில் ஒரு பெட்டி பூட்டியிருக்கிறார்கள், லொறி எங்கே நிற்கிறது என்று அது கொழும்புக்குச் சொல்லிக் கொடுக்கும்.

"லொறி ஏன் கடல் பக்கம் நிக்கிது?" என்று கேட்டார் அவர். சிங்களவர், நல்ல தமிழ் பேசுவார், நல்ல மனிதரும்கூட.

"மாமா மோசம் போயிட்டார் சேர்" என்றேன், போனோடு வேலியோரம் தள்ளிப் போய்.

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். மாமா அப்போது கண்ணுக்கெதிரே உயிரோடு இருந்து சீனி போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். மனேஜர் மெதுவாக, கவலைப்பட வேண்டாம், லொறியை எடுத்துப் போக வேறு ட்ரைவரை அனுப்புகிறேன், இரண்டு நாள் நின்றுவிட்டு வா என்றார். இரண்டு நாள் நின்றேன். அந்த மாதமும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒரு வழி பிறந்துவிட்டது.

எங்களில் ஒருவர் மௌத்தானால் அந்த ஒரு நாளோடு முடிவதில்லை. மூன்றாம் நாள் கத்தம், ஏழாம் நாள் கத்தம், நாற்பதாம் நாள் கத்தம், வருடக் கத்தம். ஓதி, சோறாக்கி, ஊருக்குக் கொடுப்பார்கள். இப்போது சில பள்ளிவாசல்களில் இதெல்லாம் கூடாது என்கிறார்கள், ஆனால் அந்தத் தகராறு மனேஜருக்குத் தெரியாது. சிங்களவர்களிலும் இறந்தவருக்காக ஏழாம் நாள், மூன்று மாதம், ஒரு வருடம் என்று தானம் கொடுப்பது இருப்பதால் அவருக்குக் கத்தம் என்றால் உடனே விளங்கியது. நான் இடையில் இன்னும் சில கத்தங்களை நானாகவே உண்டாக்கிக்கொண்டேன். இருபதாம் நாள், நூறாம் நாள், ஆறாம் மாதம். மனைவியின் நாள் எப்போதோ அப்போது மாமாவுக்குக் கத்தம். ஒரு மனிதர் ஒரு தரம்தான் மௌத்தாகலாம் என்பதால் மிகவும் சிக்கனமாகச் செலவழித்தேன். மனைவிக்கு இது தெரியாது. கம்பனி இரக்கப்பட்டு விடுகிறது என்று நினைத்திருந்தாள்.

வருடக் கத்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் வீட்டில் இருந்தேன். பதினொரு மணியிருக்கும், வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். மனேஜர், அவருடைய மனைவி, இரண்டு பிள்ளைகள். கற்பிட்டிக்குக் கடல் பார்க்கப் போகிற வழியில் இறங்கியிருக்கிறார்கள். அவர் கையில் ஐந்து கிலோ சீனி, தேயிலை, இரண்டு பெரிய பிஸ்கட் டின். கத்த வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாது என்று நினைத்திருக்கிறார். அவரை எதிர்கொண்டவர் மாமா.

"இதுதானே நம்ம ட்ரைவர்ட வீடு? கத்தம் வீடு?" என்று மனேஜர் கேட்டார்.

"ஓம், வீடு இதுதான்" என்றார் மாமா. "யார்ட கத்தம்?"

"ட்ரைவர்ட மாமா. போன வருஷம் மோசம் போனது."

மாமா மனேஜரின் கையிலிருந்த சீனியையும் பிஸ்கட் டின்னையும் பார்த்தார். நான் திரையை இழுத்து விட்டுவிட்டேன். பிறகு மாமாவின் குரல் கேட்டது.

"வாங்க, வாங்க. உள்ளுக்கு வந்து இரிங்க. அவரு நல்ல மனுசன். கொஞ்சம் கோவக்காரன், அவ்வளவுதான்."

நான் வெளியே வந்தேன். வராமல் இருக்க முடியாது. மாமா என்னைப் பார்க்கவே இல்லை. மனேஜர் குடும்பத்தைக் கதிரைகளில் இருத்திவிட்டு, மௌத்தானவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். எப்படித் தனியாளாக நின்று இந்த வீட்டைக் கட்டினார், மகளை எப்படி வளர்த்தார், யாரிடமும் ஒரு சதம் கைநீட்டியதில்லை, வெங்காயத்தில் அவருக்கு இருந்த கை வேறு யாருக்கும் இல்லை. நீங்கள் அவருக்கு என்ன முறை என்று மனேஜரின் மனைவி கேட்டபோது, "மிச்சம் நெருங்கின ஆள்" என்றார். என் மனைவி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தேத்தண்ணித் தட்டோடு வெளியே வந்தபோது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது சிரிப்பை அடக்கவா கோபத்தை அடக்கவா என்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் போகும்போது மாமா பின்காணியிலிருந்து ஒரு பை வெங்காயம் கொண்டுவந்து வேனில் ஏற்றிவிட்டார்.

வேன் போன பிறகு அவர் கதிரையில் உட்கார்ந்தார்.

"மருமகன், நான் மௌத்தாகி ஒரு வருஷமா?"

"ஓம், மாமா."

"ஏன்?"

மாமனாருக்கு இதை எப்படிச் சொல்வது? நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. அவர் கட்டிய வீட்டில் இருந்துகொண்டு, அவர் வெங்காயத்தைத் தின்றுகொண்டு, அவரைக் கொன்றிருக்கிறேன். குசினி வாசலிலிருந்து மனைவிதான் சொன்னாள்.

"லீவு வேணும் வாப்பா. டொக்டர் சொன்ன நாளுக்கு இவரு வீட்ட நிக்கணும். அதுக்குத்தான்."

மாமா தலையைக் குனித்துக்கொண்டார். தேவைக்கு மேல் ஒரு சொல் கேட்டுவிட்ட தகப்பனின் முகம் அது. கொஞ்ச நேரம் பிஸ்கட் டின்னின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அப்ப வேற வேலையப் பாருங்க மருமகன்" என்றார். "எனக்கு இன்னொருக்கா மௌத்தாக ஏலாது."

பாலாவிப் பக்கம் உப்பளம் வைத்திருந்த ஒருவரை அவருக்குத் தெரியும். அடுத்த மாதமே நான் உப்பு லொறிக்கு மாறினேன். உப்பளத்தில் ஏற்றுவது, பொதி கட்டுகிற இடத்தில் இறக்குவது, திரும்ப வருவது. நாளுக்கு இரண்டு நடை, மூன்று நடை. முழுத் தூரமும் சேர்த்தால் முன்பு ஒரு காலையில் ஓடியதுகூட வராது. நாள் சம்பளம், மழை தொடங்கினால் அதுவும் இல்லை. கம்பனியில் எடுத்ததில் பாதிக்கும் குறைவு. ஆனால் பின்னேரம் மோட்டார் சைக்கிளில் ஏறினால் அந்தி நேர மஃரிப் தொழுகைக்கு முன் வீட்டில் நிற்பேன். மாதத்தில் முப்பது நாளும் வீடு. சக ட்ரைவர்கள் சிரித்தார்கள். பெரிய லொறி ஓட்டினவன் உப்பு மூடைக்குப் போனான் என்று கதைத்தார்கள். எனக்கு ரோஷம் வந்தது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. காரணத்தைச் சொல்வதைவிடச் சிரிப்பை வாங்கிக்கொள்வது லேசாக இருந்தது.

முதல் வருடம் நாங்கள் இருவரும் மிகவும் நம்பிக்கையோடு இருந்தோம். ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஒரு மாதம் அவளுக்கு நாலு நாள் தள்ளிப் போனது. அந்த நாலு நாளும் மனைவி மெதுவாக நடந்தாள். நான் லொறியைக்கூடப் பள்ளம் பார்த்து ஓட்டினேன், அவள் என்னவோ லொறிக்குள் இருப்பதைப் போல. ஐந்தாம் நாள் அவள் தலை முழுகிவிட்டு வந்து சோறு போட்டாள். நான் எதுவும் கேட்கவில்லை. டொக்டர் இன்னும் ஒரு வருடம் பாருங்கள் என்றார். பார்த்தோம். இன்னொரு வருடமும் போனது. பிறகு டொக்டரிடம் போவதை யார் முதலில் நிறுத்தியது என்று எனக்கு ஞாபகமில்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு விஷயம் எனக்கு விளங்கியது. கொள்கலன் ஓட்டிய காலத்தில் எங்களுக்குக் குற்றம் சொல்ல ஒரு கம்பனி இருந்தது. கப்பல் பிந்திவிட்டது, முறை வரவில்லை, மனேஜர் விடவில்லை. ஒவ்வொரு மாதமும் அதன் மேல் கோபப்பட்டோம், கோபப்பட்டுவிட்டு நன்றாகத் தூங்கினோம். உப்பு லொறியில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. முதலாளி நல்லவர், பின்னேரம் ஐந்து மணிக்கு விட்டுவிடுகிறார். நாங்கள் இருவரும் ஒரே வீட்டில், எல்லா நாளும், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம். அந்த வருடம் நாங்கள் அதிகம் பேசவில்லை. சண்டை என்று ஒன்றும் இல்லை.

இந்த வருடம் பழைய மனேஜர் கோல் எடுத்தார். நிலைமை மாறிவிட்டதாம். ட்ரைவர்மாரில் பாதிப் பேர் கட்டாருக்கும் சவூதிக்கும் போய்விட்டார்கள், லொறிகள் யாட்டில் சும்மா நிற்கின்றன. முன்பு நாங்கள் அவர்கள் வாசலில் நின்றோம், இப்போது அவர்கள் எங்களைத் தேடுகிறார்கள். புது லொறி, கிலோமீற்றருக்கு முன்பைவிட நல்ல விலை. வீட்டுக்கு அதே நாலு நாள்தான்.

"ஆனா இப்ப முறை கிறை ஒண்டும் இல்ல" என்றார். "எந்த நாலு நாள் வேணுமெண்டு நீங்களே சொல்லலாம். மாசா மாசம் மாத்தவும் ஏலும். இப்பவே சொன்னா முதல் மாசத்துக்குப் போட்டுடுறன்."

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு குசினிக்குப் போனேன். மனைவி தரையில் பலகையைப் போட்டு உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. சம்பளத்தைச் சொன்னேன், ஓட்டத்தைச் சொன்னேன், நாலு நாளைச் சொன்னேன். நாளை நாங்களே தெரிவு செய்யலாம் என்பதையும் சொன்னேன். நான்கு வருடத்துக்கு முன் அந்த ஒரு வரியைக் கேட்க நாங்கள் இருவரும் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்போம்.

"எந்த நாளச் சொல்ல?" என்று கேட்டேன்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. செதிளைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"எந்த நாளெண்டாலும் பரவால்ல" என்றாள். "உங்களுக்குத் தோதான நாளச் சொல்லுங்க."

போனுக்குள் மனேஜர் ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மாதக் கடைசி நாலு நாள் என்று சொன்னேன். எல்லோரும் சொல்கிற நாட்கள் அவை, சம்பளத்தோடு வீட்டுக்கு வரலாம். அவர் சரி என்று வைத்துவிட்டார்.

"எப்ப போகணும்?" என்று மனைவி கேட்டாள்.

"வாற திங்கக்கிழம."

"அப்ப நாளைக்கே உடுப்பெல்லாம் கழுவிப் போடணும்" என்று சொல்லிவிட்டு, மீன் சட்டியை எடுத்துக்கொண்டு அலசப் போனாள்.